வேட்டை இறைச்சிக் கிடங்கில் சுத்தம்: கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் வேட்டைக் குழுவுக்குக் குளிர் அறை கட்டியிருக்கிறோம். எத்தனை டிகிரி வைக்க வேண்டும்?

பதில்: ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி மான், காட்டுப்பன்றி போன்ற பெரிய விலங்குகளுக்கு 7 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது, முயல், பறவைகளுக்கு 4. இரண்டும் ஒரே அறையில் தொங்கினால் 4-ஐயே பிடித்துக்கொள்ளுங்கள். ஆனால் இது இறைச்சிக்கு உள்ளே இருக்க வேண்டிய அளவு. சுவரில் மாட்டிய மானி காற்றின் குளிரைத்தான் காட்டும். தொடையின் தடித்த இடத்தில் ஊசி வெப்பமானியைக் குத்திப் பாருங்கள். உடல்கள் ஒன்றையொன்று தொடாமல் தொங்கட்டும். இடையில் காற்று ஓடாவிட்டால் எலும்பை ஒட்டிய சதைதான் முதலில் கெடும். தோல் உரித்ததையும் உரிக்காததையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டாதீர்கள்.

கேள்வி: வாரா வாரம் கிருமிநாசினி தெளிக்கிறோம். அப்படியும் வாடை போகவில்லையே?

பதில்: தேய்த்துக் கழுவாமல் தெளிக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. ரத்தமும் கொழுப்பும் படிந்த இடத்தில் கிருமிநாசினி அதிலேயே வீணாகிவிடும். முதலில் துணுக்குகளை வாரி எடுங்கள். அப்புறம் வெதுவெதுப்பான நீரும் சோப்பும் போட்டு, பிரஷால் தேய்த்து அலசுங்கள். எடுத்த எடுப்பில் கொதிநீர் ஊற்றினால் ரத்தம் உறைந்து ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் வடிந்த பிறகே கிருமிநாசினி. புட்டியில் போட்டிருக்கும் நேரம் வரை அது அங்கேயே நிற்க வேண்டும். வடிகால் மூடியைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பாருங்கள், வாடை பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும். கொக்கிகளும் கதவுக் கைப்பிடியும் மறந்துபோகிற இடங்கள். இறைச்சி தொங்கும்போது குழாயைப் பீய்ச்சி அடிக்க வேண்டாம். தரை அழுக்கு இறைச்சியில் தெறிக்கும்.

கேள்வி: ஃப்ரீசரில் போட்டால் கிருமியெல்லாம் செத்துவிடும்தானே?

பதில்: இல்லை, இதை நம்பித்தான் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். குளிர் பெரும்பாலான கிருமிகளைப் பெருகவிடாமல் நிறுத்தும், அவ்வளவே. காட்டுப்பன்றியில் இருக்கக்கூடிய டிரைக்கினெல்லா புழுவின் சில இனங்கள் உறைநிலையைத் தாங்கும். மாதிரியைப் பரிசோதனைக்கு அனுப்பி, முடிவு வரும்வரை பன்றியை வெட்டிப் பங்கு போடாதீர்கள். ஒவ்வொரு உடலிலும் எண் கட்டியிருந்தால்தான் எந்த முடிவு எதற்கு என்று தெரியும். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் மனிதரைத் தொடாது. ஆனால் அந்த வைரஸ் உறைந்த இறைச்சியில் நெடுங்காலம் உயிர்ப்புடன் இருக்கும். பன்றிப் பண்ணை வைத்திருப்பவர் கிடங்கு பூட்ஸோடும் உடையோடும் பண்ணைக்குள் கால் வைக்கவே கூடாது.

கேள்வி: குடல், கழிவை நாய்களுக்குப் போடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். காட்டுப்பன்றியின் பச்சை இறைச்சியிலிருந்து ஆஜெஸ்கி என்னும் வைரஸ் நோய் நாய்க்குத் தொற்றினால் பிழைப்பது அரிது. கழிவு கசியாத தொட்டியில், மூடி பூட்டி, எலியும் ஈயும் அண்டாதபடி இருக்கட்டும்.

கேள்வி: கையுறை கட்டாயமா?

பதில்: கட்டாயம். கண்ணுக்குத் தெரியாத கீறல் போதும், முயலிடமிருந்து துலரீமியா என்னும் பாக்டீரியா நோய் உள்ளே நுழைய. பிறகு காய்ச்சல் வந்தால், வேட்டை விலங்கைத் தொட்டதை மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். அவருக்கு அது தோன்றாமல் போகலாம்.

கேள்வி: முயலின் ஈரலில் வெள்ளைப் புள்ளிகள் இருந்தன. மற்ற முயல்களோடு மாட்டிவிட்டோம்.

பதில்: கையுறையோடு உடனே தனியே எடுத்துப் பையில் கட்டி வையுங்கள், மேற்கொண்டு வெட்டாதீர்கள். கால்நடை மருத்துவரை அழையுங்கள். அவர் சொல்லும்வரை பக்கத்தில் தொங்கிய முயல்களும் யார் வீட்டுக்கும் போக வேண்டாம்.