வாசகர் கேள்வி பதில்: செவ்வாயில் மாசி எப்போது?

கேள்வி: செவ்வாய்க் கிரகத்தில் நடக்கும் சிறுகதை ஒன்று எழுதினேன். நாயகியின் தாய் பூமியில் பிறந்த மலையகத் தமிழ்ப் பெண். தந்தை செவ்வாயில் பிறந்தவர். இரு பக்கமும் அவளைச் சேர்க்கவில்லை. கடைசியில் மக்கள் வாழும் குவிமாடம் உடையும்போது எல்லோரையும் காப்பாற்றுகிறாள், ஏற்றுக்கொள்கிறார்கள். படித்தவர்களுக்கு மனதில் ஒட்டவில்லையாம். எங்கே பிழை?
– வாசகி, மஸ்கெலியா

பதில்: முடிவில்தான். எல்லோரையும் காப்பாற்றிய பிறகே அவளுக்கு இடம் என்றால், பயன்பட்டால்தான் நீ எங்கள் ஆள் என்று உங்கள் கதையே சொல்லிவிடுகிறது. தேயிலைக் கொழுந்து நிறுக்கும்போது கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போடுகிற கணக்குதான் இதுவும். அந்தச் சாகசத்தை வெட்டிவிடுங்கள்.

அடுத்தது, "சேர்க்கவில்லை" என்று சொன்னால் காட்சி வராது. எந்த விதியைக் காட்டி, யார் மறுத்தார்கள்? இலங்கையின் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தைப் பாருங்கள். அன்று இங்கே பிறந்திருந்தவருக்கு அது மட்டும் போதவில்லை. தந்தையும் இங்கே பிறந்தவர், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்று காட்ட வேண்டியிருந்தது. தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், பிறந்த பலரிடம் அதற்கான பதிவு இருக்கவில்லை. தாய் இலங்கைப் பிரசையாக இருந்தாலும், நாடற்ற தந்தைக்கு முறையான மணத்தில் பிறந்த பிள்ளைக்குத் தாய்வழியில் உரிமை வரவில்லை. அது மாறியது 2003இல். இந்தியாவும் இலங்கையும் செய்த 1964 ஒப்பந்தம், நாடற்ற மலையகத் தமிழரில் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்து, 150,000 பேரின் முடிவைத் தள்ளிப்போட்டது. 1974இல்தான் அவர்களைப் பாதிப்பாதியாகப் பங்கிட்டார்கள். இடையில் பிறந்த குழந்தை அதற்குள் பள்ளிக்கூடமே போயிருக்கும்.

இதுபோல ஒற்றை வரியில் ஒரு விதி எழுதுங்கள்: பெற்றோர் இருவரும் குவிமாடத்துக்குள் பிறந்திருந்தால்தான் காற்று அட்டை. பூமிப் பக்கம் விதியே தேவையில்லை, உடம்பு போதும். செவ்வாயின் ஈர்ப்பு பூமியுடையதில் 38 வீதம். அங்கே வளர்ந்தவளுக்கு இங்கே தன் உடம்பே இரண்டரை மடங்குக்கு மேல் கனக்கும். அம்மாயியின், அதாவது தாயைப் பெற்றவளின், லயத்துக்கு ஏறும் படிக்கட்டில் அவளை ஏறவிடுங்கள். ஒருவர்கூட ஏச வேண்டியதில்லை.

உங்கள் கதையில் அம்மாயியோடு அவள் தொலைபேசியில் பேசும் பகுதி நடக்காத காரியம். சமிக்ஞை ஒரு வழி போகவே 3 முதல் 22 நிமிடம் பிடிக்கும். குரல்பதிவாக மாற்றுங்கள். "சாப்பிட்டியா" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் கிழவி பேசிக்கொண்டே போகட்டும்.

உறவு எங்கே முளைக்கும்? மலையகத்தில் மாசியில் ஆடும் காமன் கூத்தில் முளைக்கலாம். தீ மூட்ட முடியாத குவிமாடத்தில் கூத்துக்கு அடிக்கும் தப்பு என்ற பறையை எதில் காய்ச்சுவது? மின்தட்டில்தான், சூடு கூடினால் தோல் வெடிக்கும். செவ்வாயின் ஓராண்டு 687 பூமி நாள். அப்படியானால் மாசி எப்போது? பூமிக் கணக்கா, செவ்வாய்க் கணக்கா என்று பெரியவர்கள் சண்டை பிடிக்கட்டும். நடுவில் அவளும் கத்தட்டும். "நீ யார் பேச?" என்று கேட்காமல், அவளோடும் சரிக்குச் சரி சண்டைக்கு நின்றால், அவள் அந்த வீட்டுப் பிள்ளை.

கேள்வி: விஞ்ஞானப் புனைகதையில் புதுச் சொற்கள் எத்தனை வரலாம்?
– வாசகர், பண்டாரவளை

பதில்: 2,000 சொல் கதைக்கு மூன்று போதும். வரும் இடத்திலேயே பொருள் விளங்க வேண்டும். "அவள் காற்று அட்டையை நீட்டினாள், கதவு திறக்கவில்லை" என்றால் வேறு விளக்கம் வேண்டாம். அம்மாயி போன்ற உறவு முறைப்பெயர்களில் மட்டும் கை வைக்காதீர்கள்.