செவ்வாய்க்கும் புதனுக்கும் நடுவே

அன்புள்ள ஐயா,

2012-ல் அயர்லாந்தில் கரு கலைந்துகொண்டிருந்தபோது, கருக்கலைப்பு மறுக்கப்பட்டு இறந்துபோன இந்தியப் பெண் சவிதா ஹலப்பனவரைப் பற்றி எங்கள் பங்கில் பேச்சு வந்தது. “தாய்க்குச் சிகிச்சை கொடுப்பதைத் திருச்சபை என்றைக்கும் தடுத்ததில்லை. டாக்டர்கள் அசட்டையாக இருந்தார்கள், மனித உரிமைக்காரர்கள் அந்தச் சாவைப் பிரசாரம் ஆக்கிவிட்டார்கள்” என்றார் பங்குத்தந்தை. நான் சில வருடமாக மனித உரிமை அமைப்பான ஆம்னஸ்டிக்குச் சந்தா கட்டி வருகிறேன். அதை நிறுத்தச் சொல்கிறார்கள். கருக்கலைப்பை ஏற்காத ஒரு கத்தோலிக்கப் பெண் அங்கே தொடரலாமா? உயிர் எப்போது தொடங்குகிறது என்று நினைக்கிறீர்கள்?

(பெயர் வேண்டாம், தூத்துக்குடி)

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்வியை விடுங்கள். சவிதா படுத்திருந்த வார்டில் அந்தக் கேள்விக்கு வேலையே இருக்கவில்லை. 17 வாரத்தில் பனிக்குடம் உடைந்துவிட்டது. குழந்தை பிழைக்காது என்பதில் அங்கே யாருக்கும் மாற்றுக் கருத்து கிடையாது. அதனால் உயிரின் தொடக்கம் பற்றி இரண்டு பக்கமும் எழுதிக் குவித்ததை எல்லாம் இந்த ஒரு வழக்குக்காவது ஓரமாக வைத்துவிடலாம்.

உங்கள் பங்குத்தந்தை சொன்னதில் முதலில் சரியானதைச் சொல்லிவிடுகிறேன். அசட்டை உண்மை. 2012 அக்டோபர் 21, ஞாயிற்றுக்கிழமை மாலை எடுத்த ரத்தத்தில் வெள்ளையணுக்கள் 16.9. நம் ஊர் லேப் சீட்டில் 16,900 என்று அச்சாகி வரும், தொற்று இருக்கலாம் என்று சந்தேகிக்க வைக்கும் அளவு. அதை யாரும் பின்தொடரவில்லை. புதன் விடிகாலை நாலேகாலுக்குப் பல் கிட்டித்து நடுங்கியவருக்குக் கிடைத்தது ஒரு போர்வையும் பாரசிட்டமாலும். ஆறரைக்குக் காய்ச்சல் 39.6 டிகிரி, நாடி 160. பிறகு தொற்றின் தீவிரத்தைக் காட்டும் லாக்டேட் பார்க்க அனுப்பிய ரத்தம் தவறான குப்பியில் போனதால் சோதனையே நடக்கவில்லை. கைநழுவிய வாய்ப்புகள் பதின்மூன்று என்று பின்னால் ஒரு விசாரணை அறிக்கை எண்ணிச் சொன்னது. மனித உரிமை அமைப்புகளின் மேடைகளில் இந்தப் பட்டியலைக் கேட்பது அபூர்வம். சட்டத்தை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது அவர்களுக்கு வசதி. அதுவும் நேர்மை இல்லை.

அயர்லாந்து ஆயர்களும் அந்த நவம்பரில் அறிக்கை விட்டார்கள்: குழந்தையின் உயிரைத் தாயின் உயிருக்கு மேலாக வை என்று திருச்சபை ஒருபோதும் போதித்ததில்லை, குழந்தையை நேரடியாகக் கொல்லும் நோக்கமில்லாத சிகிச்சைக்குத் தடையில்லை. படித்தால் நிம்மதியாகத்தான் இருக்கிறது. உங்கள் பங்குத்தந்தை அந்த நிம்மதியிலேயே நின்றுவிட்டார். நீங்களும் அவரோடு நின்றுவிட்டீர்கள், அதுதான் எனக்குக் கோபம். “தடையில்லை” சரி, எந்த மணியிலிருந்து தடையில்லை என்று ஒருவரும் கேட்கவில்லையே!

பனிக்குடம் உடைந்தால் கர்ப்பப்பைக்கு இருந்த கதவு திறந்துவிடுகிறது. குடலில் சாதுவாக இருக்கும் ஈ.கோலை போன்ற கிருமிகள் மேலே ஏறுகின்றன. ஆன்டிபயாடிக் ரத்தத்தோடு ஓடும் மருந்து. கர்ப்பப்பைக்குள் கிருமி கூடுகட்டிவிட்டால் மருந்து மட்டும் அதைத் தீர்க்காது. சீழ்க்கட்டியைக் கீறாமல் மாத்திரை மட்டும் விழுங்குவதைப் போன்றது அது. கருப்பையைக் காலி செய்வதுதான் வைத்தியம். அதற்கும் நேரம் பிடிக்கும். கர்ப்பப்பையைச் சுருங்கச் செய்யும் மிசோப்ரோஸ்டால் மாத்திரை வைத்தால் வலி வந்து வெளியேறப் பல மணி நேரம், சில சமயம் ஒரு நாள்கூட ஆகும். சவிதாவின் ரத்தத்தில் வளர்ந்ததோ பல ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காத ஈ.எஸ்.பி.எல் வகை. இப்படிப்பட்ட நோயில் காய்ச்சல் வரட்டும் என்று காத்திருந்து மாத்திரை வைப்பது, தீ கூரைக்கு ஏறட்டும் என்று காத்திருந்து கிணறு வெட்டுவதுதான்.

செவ்வாய்க்கிழமை, கருவைக் கலைத்துவிடுங்கள் என்று சவிதா கேட்டார். இதயத் துடிப்பு இருக்கிறது, இப்போது முடியாது என்றார்கள். “இது கத்தோலிக்க நாடு” என்று ஒரு மருத்துவச்சி சொன்னது மரண விசாரணையில் அவராலேயே ஒப்புக்கொள்ளப்பட்டது. அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு உலகமே ஆடியது. எனக்கு அது பெரிதாகப் படவில்லை, ஏதோ ஆறுதலாகச் சொல்ல நினைத்து உளறியிருக்கிறார். பெரிது சட்டத்தில் இருந்த ஒரு சொல். 1992-ல் அயர்லாந்து உச்ச நீதிமன்றம் வகுத்த வரம்பு: தாயின் உயிருக்கு மெய்யான, கணிசமான ஆபத்து இருக்க வேண்டும், உடல்நலத்துக்கு இருந்தால் போதாது. மீறினால் ஆங்கிலேயர் காலத்து 1861-ஆம் வருடச் சட்டப்படி ஆயுள் தண்டனை வரை போகலாம். (அதே காலத்தில் நமக்கு எழுதிக்கொடுத்த தண்டனைச் சட்டம் 312-ல் தாயின் உயிரைக் காக்க என்று ஒரு விலக்கு இருந்தது. ஆங்கிலேயன் தன் வீட்டுச் சட்டத்தில் அதை எழுதாமல் விட்டுவிட்டான்.)

உடல்நலம் எந்த நிமிடத்தில் உயிராக மாறுகிறது? செவ்வாய்க்கிழமை அவர் ஆபத்தில் இருக்கும் பெண். புதன்கிழமை செத்துக்கொண்டிருக்கும் பெண். சாட்சி சொன்ன மகப்பேறு நிபுணர் பீட்டர் பாய்லன் இதைத்தான் சொன்னார்: திங்களோ செவ்வாயோ செய்திருந்தால் பெரும்பாலும் பிழைத்திருப்பார், அப்போது சட்டம் விடவில்லை. சட்டம் விட்ட புதன்கிழமை காலம் கடந்துவிட்டது. 28-ஆம் தேதி சவிதா இறந்தார், வயது 31.

சட்டத்தை விட்டுப் போதனைக்கு வாருங்கள். இரட்டை விளைவு என்கிறார்களே, நோய்க்கு வைத்தியம் செய்யும்போது குழந்தை இறப்பது நோக்கமல்ல, பக்க விளைவு என்று. நல்ல நுட்பமான சிந்தனை, நான் கேலி செய்யவில்லை. ஆனால் அதற்கு முதலில் நோய் வேண்டும். புதன்கிழமை தொற்று வந்தபின் கருப்பையைக் காலி செய்வதை அந்தத் தர்க்கம் ஏற்கும். செவ்வாய்க்கிழமை, தொற்று தெரியாதபோது அதே மாத்திரையை அதே கை வைத்தால், கண்டிப்பான விளக்கத்தில் அது நேரடிக் கருக்கலைப்பு. பிழைத்திருக்கக்கூடிய நாள் எதுவோ அந்த நாளில் அனுமதி இல்லை. அமெரிக்காவில் பீனிக்ஸ் நகரத்தில் 2009-ல் கருப்பம் 11 வாரம், நுரையீரல் ரத்த அழுத்தத்தில் தாயே பிழைக்கமாட்டாள் என்ற நிலையில் கலைத்தார்கள். தாய் பிழைத்தார். ஒப்புதல் தந்த கன்னியாஸ்திரி மார்கரெட் மெக்பிரைட் திருச்சபை விலக்குக்கு ஆளாகிவிட்டார் என்றார் ஆயர் ஓம்ஸ்டெட். அடுத்த வருடம் அந்த மருத்துவமனையின் கத்தோலிக்க அடையாளத்தையே எடுத்துவிட்டார். “சிகிச்சையைத் தடுத்ததில்லை” என்று சொல்பவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சவிதாவின் சாவை ஆராய்ந்த முதல் பெரிய அறிக்கைக் குழுவுக்குத் தலைவர் சபாரத்தினம் அருள்குமரன், இலங்கைத் தமிழர். கவனிப்பில் நடந்த தவறுகளை ஒளிக்காமல் எழுதியவர், சட்டத்தையும் தேவைப்பட்டால் அரசியலமைப்பையும் திருத்துவதைப் பரிசீலிக்கச் சொன்னார். ஒன்றைச் சொல்ல இன்னொன்றை மறைக்க வேண்டியதில்லை என்பதற்கு அந்த அறிக்கையைப் படிக்கலாம். 1983-ல் 66.9 சதவீதம் பேர் ஓட்டுப்போட்டு அயர்லாந்து அரசியலமைப்பில் ஏற்றிய கருக்கலைப்புத் தடையை 2018-ல் 66.4 சதவீதம் பேர் ஓட்டுப்போட்டு இறக்கினார்கள். அதே ஊர்கள்தான், பாதிப்பேர் அதே ஆட்கள்கூட இருந்திருக்கலாம்.

சந்தாவைக் கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். ஆம்னஸ்டியைத் தொடங்கிய பீட்டர் பெனன்சன் கத்தோலிக்கத்துக்கு மாறியவர். 2007-ல் வன்புணர்ச்சி, உயிராபத்து போன்ற நிலைகளில் கருக்கலைப்பை அந்த அமைப்பு ஆதரித்தபோது, கத்தோலிக்கர்கள் பணம் தரக்கூடாது என்று வாட்டிகனின் கர்தினால் மார்ட்டினோ சொன்னார். சிறையில் கிடப்பவர்களுக்காகக் கட்டிய காசை இதற்காக நிறுத்துவதா வேண்டாமா என்பது உங்கள் மனச்சாட்சி, என் வேலையல்ல.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குத்தந்தையிடம் இதை மட்டும் கேளுங்கள். செவ்வாய்க்கிழமை காலை, காய்ச்சல் இல்லை, துடிப்பு கேட்கிறது, பனிக்குடம் உடைந்து முப்பது மணி நேரம் தாண்டிவிட்டது. மாத்திரை வைக்கலாமா, கூடாதா? “தடுத்ததில்லை” என்பதைப் பதிலாக எடுத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். ஆம், இல்லை, இரண்டில் ஒன்று. என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.