எழுத்தைச் சுற்றிக் கபில வளையம்: பூஞ்சணமா, எண்ணெயா?

கல்லடியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "தகப்பனார் வைத்திருந்த 1968ஆம் ஆண்டுக் கோயில் மலரில் எழுத்துகளைச் சுற்றிக் கபில நிறம் படர்ந்திருக்கிறது. எதிர்ப்பக்கத்திலும் நிழல் விழுந்திருக்கிறது. பூஞ்சணம் என்று வெயிலில் காயவைக்கலாமா?"

வெயில் வேண்டாம். பூஞ்சணமாகவும் தெரியவில்லை. தாளைத் திருப்பிப் பாருங்கள். அந்தந்த எழுத்தின் வடிவமே பின்புறத்தில் இடம்வலம் மாறித் தெரிந்தால் அது எண்ணெய்க் கறை. பூஞ்சணத்துக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. ஈரம் கண்ட இடத்தில் புள்ளி புள்ளியாகப் பரவும்.

அச்சுக்கோத்து அடித்த காலத்தில், புத்தக மை பெரும்பாலும் புகைக்கரியை ஆளி விதை எண்ணெயில் குழைத்தது. அந்த எண்ணெய் தண்ணீரைப் போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஒட்சிசனை இழுத்து, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னி இறுகுகிறது. இறுகும்போது நிறைகூடக் கூடுகிறது. அதன் கொழுப்பமிலங்களில் ஏறத்தாழப் பாதி லினோலெனிக் அமிலம். ஒட்சிசன் தாக்குவதற்கு அதில் மூன்று இரட்டைப் பிணைப்புகள் உண்டு. நம் தேங்காய் எண்ணெயிலோ சுமார் 90 சதவீதம் நிரம்பிய கொழுப்பு. அதனால்தான் வடை சுற்றிய தாள் எத்தனை நாள் கிடந்தாலும் காய்வதில்லை.

எண்ணெயை நன்றாகக் காய்ச்சித் தடிப்பாக்கிய மை தாளின் மேலேயே நிற்கும். காய்ச்சல் போதாவிட்டாலும், மையை இளக்க யாராவது எண்ணெய் கூட்டியிருந்தாலும், இறுகுவதற்குள் அது நாருக்குள் ஊர்ந்துவிடும். ஊர்ந்தது ஆண்டுக்கணக்கில் ஒட்சியேறி முதலில் மஞ்சளாகவும் பிறகு கபிலமாகவும் மாறுகிறது. எதிர்ப்பக்கத்து நிழல், கசிந்த எண்ணெயும் அது சிதையும்போது விடும் ஆவிகளும் செய்த வேலை.

மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துவிடாதீர்கள். இறுகிய எண்ணெய் கரையாது. இன்னும் இளகியிருக்கும் கொஞ்சம் அகலமாகப் பரவும். வெயில் மஞ்சளை ஓரளவு வெளுக்கும், உண்மைதான். ஆனால் தாளையும் நொறுங்கச் செய்யும். நிழல் விழுந்த பக்கங்களுக்கிடையே மட்டும் அமிலமற்ற மெல்லிய வெள்ளைத் தாள் வையுங்கள். எல்லாப் பக்கங்களிலும் செருகினால் கட்டு பிய்ந்துவிடும். பொலித்தீன் உறையில் அடைக்க வேண்டாம். கல்லடிக்கு ஒரு பக்கம் வாவி, மறு பக்கம் கடல். மாரியில் சுவரே வியர்க்கும். அலுமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். மழை தொடங்குமுன் எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்துவிடுங்கள். கபிலமான இடங்களில்தான் தாள் முதலில் உடையும்.