அம்மாயி பெட்டியில் கிடைத்த தகர வில்லை

உங்கள் அம்மாயி பெட்டியில் கிடைத்த, ஓட்டை போட்டு எண் குத்தின வில்லை தாலியில் கோத்ததா என்று கேட்டிருந்தீர்கள். அது தாலியில் கோத்ததில்லை, பெரும்பாலும் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு வந்தவர்களுக்குக் கொடுத்த தகர டிக்கெட். இந்தியாவிலிருந்து வரும் ஆளை எந்தத் தோட்டத்துக்கு அனுப்புவது, வழிச்செலவை எந்தத் தோட்டத்துக் கணக்கில் எழுதுவது என்று பார்க்கக் கழுத்தில் மாட்டிவிட்டது. ஆண் பெண் எல்லாருக்கும்தான்.

புளி போட்டுத் தேய்க்காதீங்க, எழுத்து போய்விடும். மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலால் உரசிப் பாருங்கள். ஓர் எழுத்தும் எண்களும் தெரிந்தால் அது வட்டாரம், தோட்டம், ஆளின் வரிசை எண்.

ஆனால் அம்மாயி இலங்கை மலையகத்து ஹட்டன் பக்கமே பிறந்தவர் என்றால், அது அவருடைய அம்மாவுடையதாக இருக்கலாம். பேர் அதில் இருக்காது, தோட்டத்துப் பழைய செக்ரோலில்தான் (ஆள் பேர், வேலை நாள், சம்பளம் எழுதும் பதிவேடு) தேட வேண்டும். ஆண் பெண் சம்பளம் சமமாக்கப்பட்ட 1984க்கு முந்தையது கிடைத்தால் சம்பளத்தையும் பாருங்கள். கொழுந்து பறித்தது பெரும்பாலும் பெண்கள்தான், நாள் சம்பளம் மட்டும் ஆண்களை விடக் குறைவாகப் போட்டிருப்பார்கள்.