குனியாமல் ஒரு தோட்டம்

கேள்வி: பணி ஓய்வு பெற்றுச் சில மாதங்களாகின்றன. வீட்டு முன்னால் கொஞ்சம் இடம் இருக்கிறது, தோட்டம் போட ஆசை. ஆனால் முழங்கால் வலியால் குனிந்து நிமிர முடியவில்லை. மகள் வீட்டுக்குப் போனால் திரும்பப் பத்து நாளாகும். எனக்கு இதெல்லாம் சரிப்படுமா?

பதில்: தாராளமாகச் சரிப்படும் அம்மா. இடம் இருக்கிறதே என்று முழுவதையும் கொத்திவிட மட்டும் வேண்டாம். கொத்திய மண்ணில் நீங்கள் நட்டதற்கு முன்னால் களைதான் தலைகாட்டும். அதைப் பிடுங்கவே குனிய வேண்டிவரும். ஐந்தாறு தொட்டிகள் போதும்.

அவற்றை இடுப்பளவு உயரத்தில், ஆடாத மேடையில் வையுங்கள். 20 லிட்டர் தொட்டியில் ஈர மண் நிறைந்தால் 25 கிலோவைத் தாண்டும். அதனால் காலித் தொட்டியை முதலில் இடத்தில் வைத்துவிட்டு, அப்புறம் மண்ணை நிரப்புங்கள். மண்ணோடு தென்னை நார்க்கழிவும் மட்கிய உரமும் கலந்தால் கனமும் குறையும், ஈரமும் நிற்கும். அடியில் துளை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த இடம் என்பதை வெயில்தான் சொல்ல வேண்டும். தக்காளி, மிளகாய் மாதிரி காய்ப்பவை தினம் 6 மணி நேர நேரடி வெயில் கேட்கும். கீரையும் புதினாவும் அதில் பாதியிலேயே சமாளித்துக்கொள்ளும். புதினாவுக்குத் தனித் தொட்டி கொடுங்கள், வேர் ஓடி மற்றதை நெருக்கிவிடும்.

ஓய்வில் இருப்பவர்கள் வளர்க்கும் செடிகளுக்கு வருகிற பெரிய ஆபத்து, எஜமானருக்கு நேரம் நிறைய இருப்பதுதான்! போகவர ஒரு குவளை ஊற்றிக்கொண்டே இருந்தால் வேருக்குக் காற்று கிடைக்காமல் அழுகிவிடும். விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் மட்டும், துளை வழியே வடியும்வரை ஊற்றுங்கள்.

அந்தப் பத்து நாளுக்குக் கற்றாழை, கள்ளி வகைகள், வாள் போல நிமிர்ந்த இலையுள்ள ஸ்நேக் பிளான்ட் எதற்கும் ஆள் வைக்க வேண்டியதில்லை. மற்றவற்றை யாரையாவது விட்டு நிழலுக்கு நகர்த்தச் சொல்லி, மண்மேல் காய்ந்த இலைகளை 5 சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பிவிடுங்கள். தண்டை ஒட்டி வேண்டாம். ஒரு வாளித் தண்ணீரைத் தொட்டிகளைவிட உயரத்தில் வைத்து, அதிலிருந்து பருத்திக் கயிற்றை மண்ணுக்குள் செருகினால் ஈரம் மெல்ல இறங்கும். கிளம்புவதற்குச் சில நாள் முன்பே சோதித்துப் பாருங்கள்.

தக்காளியை மட்டும் நீங்கள் ஊரில் இருக்கும் பருவத்துக்குத் தள்ளிவையுங்கள். நாலு நாள் காயவிட்டு ஒரேயடியாக ஊற்றினால் பழம் வெடிக்கும்.