மாமாவுக்கு டானிக் வேண்டாம்மா, மொதல்ல ஒரு ஸ்கேன் எடுங்க

கேள்வி: டாக்டர், என் மாமனாருக்கு 69 வயசு. குமுளிப் பக்கம் ஏலக்காய் ஸ்டோர்ல வேலை பாத்தவர், இப்ப கூடலூர்ல எங்ககூட இருக்கார். அத்தை தவறினதுல இருந்து டீக்கடைக்குக்கூட போறதில்ல, விசேஷத்துக்குக் கூப்பிட்டா எரிஞ்சு விழறார், தண்ணியும் சரியா குடிக்கிறதில்ல, ராத்திரி நாலஞ்சு தடவ எந்திரிக்கிறார். சத்து டானிக் எதாவது சொல்லுங்க.

பதில்: டானிக்க விடுங்கம்மா. கடைசில போற போக்குல எழுதியிருக்கீங்களே ராத்திரி எந்திரிக்கிறார்னு, நான் அங்கருந்துதான் ஆரம்பிப்பேன். இந்த வயசுல மூத்திரப்பைக்குக் கீழ இருக்க புராஸ்டேட் சுரப்பி பெருத்து அடிக்கடி மூத்திரம் வர்றது சகஜம், ஆனா அத மருமககிட்ட சொல்லுவாரா மனுஷன்? கம்பத்துக்கு பஸ் ஏறி நடுவழில முட்டிக்கிட்டு வந்தா எங்க இறங்குறது, மண்டபத்துல பாத்ரூம் எங்கன்னு யார்ட்ட கேக்குறதுன்னு பயந்தே வீட்டோட முடங்கிப்போனவங்கள நெறைய பாத்திருக்கேன், வீட்ல என்னமோ மனசு சரியில்லன்னே நெனச்சுட்டு இருப்பாங்க.

அதனால உங்க வீட்டுக்காரர தனியா கேக்கச் சொல்லுங்க, மெல்லிசா வருதா, முக்க வேண்டியிருக்கா, போயிட்டு வந்தும் மிச்சம் இருக்க மாதிரி இருக்கான்னு. அப்புறம் யூரின், சுகர், கிட்னிக்குப் பாக்குற கிரியாட்டினின், வயித்து ஸ்கேன், இதெல்லாம் தேனி க.விலக்கு அரசு மெடிக்கல் காலேஜ்லயே பாக்கலாம். சளிக்குன்னு கடைல சும்மா வாங்கிப் போடுற மாத்திரைகள்ல சிலது மூத்திரத்தையே அடைச்சிடும், அத நிறுத்துங்க. பிபி மாத்திரைல நீர் பிரிக்கிற மருந்து இருந்தா காலைல போடலாமான்னு டாக்டர்ட்ட கேளுங்க. தண்ணிய பகல்ல நல்லா குடிக்கட்டும், சாயந்தரத்துக்கு மேல கொறச்சுக்கலாம், டீ காபியும்தான். மூத்திரம் லேசா போக டாம்சுலோசின்னு மாத்திரை எழுதிக் குடுத்தா பலருக்கு நல்லா கேக்கும், ஆனா படுத்து எந்திரிக்கும்போது தல சுத்தலாம், கட்டில் ஓரத்துல கொஞ்சம் உக்காந்துட்டு எந்திரிக்கணும். மூத்திரம் சுத்தமா அடைச்சுக்கிட்டா, ரத்தம் வந்தா, குளிர் ஜுரம்னா அன்னைக்கே ஆஸ்பத்திரி.

அத்தை போன துக்கம் இல்லன்னு சொல்லல. நம்ம ஆம்பளைங்களுக்கு அது அழுகையா வராது, கோபமாத்தான் வரும். "எதுக்கு இருக்கேன்"னு பேச்சு வந்தா தனியா விடாதீங்க, 14416, அரசாங்கத்தோட மனநல உதவி நம்பர் டெலி மானஸுக்கு ஃபோன் போடுங்க, இலவசம்தான், தமிழ்லயே பேசலாம்.

"நாலு பேர்கூட பழகுங்க மாமா"ன்னு புத்தி சொல்றதெல்லாம் வேலைக்காகாது. ஸ்டோர்ல கூட இருந்த பழைய கூட்டாளி யாரயாவது வீட்டுக்கு வரச் சொல்லுங்க. காய கைல குலுக்கியே ஈரம் சொல்றவங்க இவங்கள்லாம், இந்த வருஷக் காய் என்ன வெல போகுதுன்னு ஆரம்பிச்சா மணிக்கணக்கா ஓடும், பாத்ரூமும் பக்கத்துலயே இருக்கும்ல, பயமில்லாம உக்காருவார். டீக்கடையெல்லாம் மருந்து கேக்க ஆரம்பிச்ச பொறகு பாத்துக்கலாம்.