கிளியர் கோட் பால்போல் வெளுத்தது ஏன்?

நண்பரே, சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் நிலையக் கால மலாயன் ரயில் பெட்டி மாடலுக்கு லேக்கர் கிளியர் கோட் (மேலே அடிக்கும் நிறமற்ற பூச்சு) அடித்ததும் வெளுத்துப்போனது என்கிறீர்கள். பெயிண்ட் கெடவில்லை, பயப்படாதீர்கள். தின்னர் (பெயிண்டை நீர்க்க வைக்கும் திரவம்) வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதில் படிகிறது. மழை நாளில் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு வாசலில் அடித்தால் வேறென்ன ஆகும்! நானும் ஒரு இன்ஜினை இப்படித்தான் பாழாக்கப் பார்த்தேன்.

வெயில் காயும் பிற்பகலில், ரிட்டார்டர் (ஆவியாவதை மெதுவாக்கும் திரவம்) கலந்த லேக்கர் தின்னரை ஏர்பிரஷ்ஷில் மெல்லிய பனிபோல ஒருமுறை அடியுங்கள், பெரும்பாலும் தெளிந்துவிடும். நனைய நனைய அடித்தால் டீக்கால் (ஒட்டியிருக்கும் எழுத்து, சின்னப் படலம்) சுருங்கும், அதனால் முதலில் அடிப்பக்கத்தில் சோதியுங்கள். ஆவியைத் தடுக்கும் வடிகட்டி முகமூடி கட்டாயம்.

அப்புறம், தண்டவாளம் கேட்டிருந்தீர்களே: 1:87 அளவில் (நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு) மலாயன் ரயிலின் மீட்டர் கேஜுக்கு, அதாவது ஒரு மீட்டர் அகலப் பாதைக்கு, 12 மி.மீ. அகலம்தான் சரி. 16.5 வாங்கிவிடாதீர்கள்.